ஓஃபில் இருந்த சுவிச்

எனக்குக் கறண்டெண்டால் பயம். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. சின்ன வயசிலை எங்கடை ஒழுங்கையிலை ஒரு மனிசன் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கவெண்டு ஈரக்கையோடை மோட்டர் சுவிச்சைப் போடப்போய், அதிலையே ஒட்டிக்கொண்டு செத்ததை நான் கண்ணாலை கண்டனான். அண்டையிலை இருந்து கையை நல்லாத் துடைச்சுப்போட்டு, ஒற்றை விரலாலை தட்டித்தான் சுவிச் போடுவன். ரொறொன்ரோவுக்கு வந்தும் அது மாறேல்லை.

என்ரை மனிசன் அதைக் காணுற நேரமெல்லாம் சிரிப்பார். அவர் ஊரிலை வயர்மன். எத்தினையோ வீட்டுக்கு வயரிங் செய்தவர். "வயர்மன்ரை பெண்சாதிக்குக் கறண்டெண்டால் பயமாம்" எண்டு வாறவை போறவை எல்லாருக்கும் சொல்லிப் பகிடி பண்ணுவார். இஞ்சை அவருக்குக் கிடைச்சது பாண் சுடுற ஃபக்டரியிலை வேலை. கனடாவிலை அவர் ஒரு வயரும் தொட்டதில்லை. ஆனால் ஊரிலை பாவிச்ச ரெஸ்ரரை, அதுதான் கறண்ட் இருந்தால் பிடிக்குள்ளை சின்ன லைற் எரியுற ஸ்குறூ டிறைவரை, சூட்கேசிலை வைச்சுக் கொண்டந்தவர். அதோடை சேர்த்துத் தலைக்கனத்தையும் கொண்டந்திட்டார்.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. அப்ப நாங்கள் மோர்னிங்சைட்டிலை இருந்தம், நானும் அவரும் மட்டும். பிள்ளையள் இல்லை. என்ரை ஆக்கள் ஊரிலையும் இந்தியாவிலையும் சிதறிப் போச்சினம். இந்த நாட்டிலை எனக்கெண்டு இருந்தது அவர் ஒராள்தான். அவருக்கு ஒரு உயிர்ச் சிநேகிதர் நகரத்தின்ரை மற்ற அந்தத்திலை, ரெக்ஸ்டேலிலை, மனிசியோடை இருந்தவர். எனக்கு அவர் அண்ணை, அவ அக்கா. என்ரை மனிசனுக்கு ஒரு நாள் ஃபக்டரியிலை ஒரு போலந்துக்காரன் தன்ரை வீட்டிலை காய்ச்சின பியரெண்டு ஒரு போத்தில் குடுத்துவிட்டான். சிநேகிதர் ரெண்டு பேரும் அதைக் குடிச்சுப்போட்டு, இனி நாங்களும் காய்ச்சுறது எண்டு முடிவெடுத்திட்டினம்.

பியர் காய்ச்சுறதெண்டால் லேசுப்பட்ட வேலையில்லை. மோல்ற் எண்டு பார்லியிலை செய்த கறுத்தப் பாணி ஒண்டு ரின்னிலை விக்குது. அதைக் கிடாரம் எண்ட பெரிய பாத்திரத்திலை தண்ணியோடை கொதிக்க வைச்சு, ஹொப்ஸ் எண்ட கைச்சல் பூவைப் போட்டு, ஆறவிட்டு, வாளியிலை ஊத்திப் புளிக்க விடவேணும். முதல் தரம் என்ரை குசினியிலைதான் காய்ச்சினவை. பொங்கி வழிஞ்சு அடுப்பெல்லாம் பாணி. வீடு முழுக்க ஒரு கைச்சல் மணம். அதுவும் வெள்ளிக்கிழமை, நான் விளக்கு வைக்கிற நாள். "இனி உதை இஞ்சை காய்ச்சினால் கிடாரத்தோடை தூக்கி றோட்டிலை எறிவன், சொல்லிப்போட்டன்!" எண்டு கத்தினன்.

அப்பிடித்தான் அது பேஸ்மென்ருக்கு இறங்கினது. அங்கை அடுப்பில்லை. ஆனால் உடுப்புக் காய வைக்கிற ட்றையர் இருந்தது. ட்றையருக்கெண்டு இஞ்சை சுவரிலை ஒரு பெரிய பிளக் பூட்டியிருப்பாங்கள், அதிலை வாற கறண்ட் மற்றப் பிளக்குகளிலை வாறதை விட இரட்டிப்பு. இவருக்கு அதைக் கண்டதும் முகமெல்லாம் சந்தோசம். "ஊர்க் கறண்ட் மாதிரியே இருக்கு" எண்டார். சுடுதண்ணி ராங்குக்குள்ளை இருக்கிற கொயில் ஒண்டை வாங்கி, பெரிய சில்வர்க் கிடாரத்தின்ரை பக்கத்திலை ஓட்டை போட்டுப் பூட்டினார். அதிலை இருந்து தடிச்ச வயர் இழுத்து, நடுவிலை ஒரு பெட்டிக்குள்ளை சுவிச் வைச்சு, ட்றையர்ப் பிளக்கிலை குத்துற மாதிரிச் செய்தார். போட்டால் பெட்டியிலை சின்னச் சிவப்பு லைற் எரியும், நிப்பாட்டினால் நூரும். அச்சொட்டாய் அதே மாதிரி இன்னொண்டு செய்து ரெக்ஸ்டேல் அண்ணைக்கும் குடுத்தார்.

"இஞ்சாருங்கோ, உதாலை ஒண்டும் நடக்காதோ?" எண்டு கேட்டன்.

"இஞ்சரும், சிவப்பு வயர் கறண்டைக் கொண்டாறது. கறுப்பு வயர் திருப்பிக் கொண்டு போறது. சிவப்பைச் சுவிச்சாலை வெட்டிவிட்டால் பிறகு கறண்ட் எங்காலை வாறது? கறுப்பு சும்மா செத்த வயர். உது ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

எர்த் குடுக்கவெண்டு பச்சை வயரைத் தேடினவர். அந்தப் பழைய பிளக்கிலை பச்சை இல்லை. வெள்ளை ஒண்டு இருந்தது. அது என்னத்துக்கெண்டு விளங்காமல், வயருக்கு ஒட்டுற ரேப் சுத்தி மடக்கி விட்டிட்டார். கிடாரத்தைத் தூக்கி ஒரு மரப்பெட்டிக்கு மேலை வைச்சு, "மரத்தாலை கறண்ட் பாயாது, நீர் பயப்பிடாதையும்" எண்டார். நான் பயப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன்.

வெள்ளிக்கிழமையிலை வீடு கழுவாட்டில் எனக்கு மனம் ஆறாது. மேலை முழுக்கக் காப்பெற், அதிலை எங்கை தண்ணி ஊத்துறது? பேஸ்மென்ரிலைதான் சீமெந்து நிலமும் தண்ணி போற ஓட்டையும் இருந்தது. அதாலை ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் வேலையாலை வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடை வாளி வாளியாய் ஊத்திக் கழுவுவன். வீட்டுக்குள்ளை நாங்கள் ஆர் செருப்புப் போட்டனாங்கள்?

ஒரு வெள்ளி அப்பிடிக் கழுவேக்கை, கிடாரத்தின்ரை வெளிப்பக்கம் பாணி வழிஞ்சு காஞ்சு கிடந்துது. ஈரத்துணியாலை துடைக்கக் கை வைச்சன். சுள்ளெண்டு முழங்கை வரைக்கும் ஒரு இழுவை! துணியை எறிஞ்சுபோட்டுக் குளறினன். பெட்டியைப் பாத்தன். சிவப்பு லைற் எரியேல்லை. சுவிச் ஓஃபிலை இருந்தது, பிளக் மட்டும் சுவரிலை குத்தினபடி.

இவர் மேலையிருந்து இறங்கி வந்தார். அவருக்குக் குளிருக்குக் குதிக்கால் வெடிக்கிறதாலை பேஸ்மென்ரிலை மட்டும் றப்பர்ச் செருப்புப் போடுவார். வந்து கிடாரத்தை உள்ளங்கையாலை தடவினார். "எங்கை, நான் பிடிக்கிறன், ஒண்டும் இல்லையே." ரெஸ்ரரைக் கொண்டந்து பெட்டியைத் திறந்து, கொயிலுக்குப் போற சிவப்பு வயரைக் கழட்டிப்போட்டு, அது பூட்டின சுவிச் ஆணியிலை வைச்சுக் காட்டினார். லைற் எரியேல்லை. "பாத்தீரோ? செத்துப் போய்க் கிடக்கு. உமக்கு நரம்பிலை ஏதோ வருத்தம்."

கறுப்பு வயரிலை அவர் வைச்சுப் பாக்கேல்லை. செத்த வயரை ஆர் சோதிப்பினம்?

நான் விடேல்லை. கை விறைச்சதை, எரிஞ்சதை எல்லாம் சொன்னன். பிறகு அழுதன். பிறகு சண்டை பிடிச்சன். "உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் இந்த ஊரிலை ஆரிட்டைப் போவன்?" எண்டு கேட்டன். சிரிச்சார். ரெலிபோனிலை தெரிஞ்சவை எல்லாருக்கும் சொன்னன், அவையும் சிரிச்சினம். வயர்மனுக்கு வயரிங் படிப்பிக்கிறாளாம் எண்டு ஒரு கதை கொஞ்சக் காலம் ஓடித் திரிஞ்சுது. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கிடாரத்தை உடைச்சிருப்பன். அதைத் தொடத்தான் பயம்.

அதுக்குப் பிறகு நான் நிலம் கழுவேல்லை. உடுப்புத் தோய்க்க இறங்கினாலும் சுவரோடை ஒட்டிக்கொண்டு போவன். இவர் காய்ச்சுற நாளிலை மட்டும் நான் கட்டாயம் படியிலை நிப்பன். நிண்டு என்னத்தைச் செய்யப் போறன் எண்டு எனக்கே தெரியாது. மேலை குசினியிலை நிண்டு, சத்தம் ஏதும் கேக்குதோ எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறதை விட அது பரவாயில்லை. "என்ன, காவலோ?" எண்டு கேப்பார். "ஓம், காவல்தான்" எண்டுவன்.

அடுத்ததாய் அவர் காய்ச்சினதும் ஒரு வெள்ளிக்கிழமை. ரெண்டு சிநேகிதரும் சேர்ந்து மோல்ற் வாங்கி, ஒரே நாளிலை அவரவர் வீட்டிலை காய்ச்சுறதெண்டு கதைச்சு வைச்சிருந்தவை. எங்கடை கிடாரம் அண்டைக்கும் பொங்கி வழிஞ்சு நிலமெல்லாம் தண்ணி. காய்ச்சி முடிஞ்சு சுவிச்சை நிப்பாட்டி, பியரை வாளிக்கு இறக்கினார். கொயிலும் வயரும் பூட்டினபடி இருக்கிறதாலை கிடாரத்தை வைச்ச இடத்திலையே கழுவவேணும். செருப்பு ஈரத்திலை சறுக்குதெண்டு கழட்டி எறிஞ்சார். நான் கடைசிப் படிக்கு இறங்கினன்.

"செருப்பைப் போடுங்கோ."

"சும்மா இரும்."

"பிளக்கையெண்டாலும் கழட்டுங்கோவன்."

"சுவிச் ஓஃப் எண்டு எத்தினை தரம் உமக்குச் சொல்லுறது?"

ஒரு கை கிடாரத்துக்குள்ளை தேய்ச்சுக்கொண்டு இருந்துது. தண்ணி பிடிக்க மற்றக் கையாலை உடுப்புத் தோய்க்கிற தொட்டிப் பைப்பைப் பிடிச்சார். பிடிச்ச கை அங்கையே நிண்டிட்டுது. அவர் கத்தேல்லை. தொண்டைக்குள்ளை இருந்து ஒரு சத்தம், மனிசச் சத்தமே இல்லை. உடம்பெல்லாம் இறுகி, தலை பின்னாலை இழுபட்டு, கண் ரெண்டும் என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்துது. கையை எடுக்கேலாமல் நிக்கிறாரெண்டு எனக்கு விளங்கிச்சுது.

பிடிச்சு இழுக்கப்படாது, பிடிச்சால் நானும் ஒட்டுவன் எண்டது மட்டும் தெரியும். பிளக் ட்றையருக்குப் பின்னாலை. அதுக்குப் போறதெண்டால் அந்தத் தண்ணியிலை கால் வைக்கவேணும். நானும் வெறுங்கால். கடவுளே, ஒரு செக்கன் நான் அந்தக் கடைசிப் படியிலை நிண்டன். இண்டைக்கும் அந்தச் செக்கன் எனக்குக் கனவிலை வரும். பிறகு செத்தால் ரெண்டு பேருமாய்ச் சாவம் எண்டு குதிச்சன். தண்ணிக்குள்ளாலை ஓடி, அந்தத் தடிச்ச வயரை ரெண்டு கையாலும் பிடிச்சு, ட்றையரிலை காலைக் குடுத்து இழுத்தன். பிளக் கழண்டு வந்து என்ரை மடியிலை விழுந்துது. அவர் அப்பிடியே நிலத்திலை விழுந்தார்.

செத்துப் போனாரெண்டுதான் நினைச்சன். பேர் சொல்லிக் கூப்பிட்டன். கலியாணம் கட்டி அண்டைக்குத்தான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. கன்னத்திலை அறைஞ்சன். நெஞ்சைப் பிடிச்சு உலுப்பினன். ஒரு இருமல் வந்துது, பிறகு மூச்சு வந்துது. மெல்ல எழும்பிச் சுவரிலை சாஞ்சு இருந்தார். உள்ளங்கையிலை வெள்ளையாய் ஒரு சூட்டுக் காயம். பல்லு அடிக்க அடிக்க முதல் சொன்ன கதை, "சுவிச் ஓஃப்தானே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னும் ரெண்டு போட்டிருப்பன்.

"ஆசுப்பத்திரிக்கு வாங்கோ" எண்டன். அவர் கேக்கேல்லை. மேலை போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து, நான் குளறக் குளறப் பிளக்கைத் திருப்பிக் குத்தினார். சுவிச்சைப் போடேல்லை. பெட்டியைத் திறந்து, பிளக்கிலை இருந்து வாற சிவப்பு வயரிலை ரெஸ்ரரை வைச்சார், லைற் எரிஞ்சுது. கறுப்பிலை வைச்சார். எரியக் கூடாத லைற் எரிஞ்சுது. கிடாரத்திலை வைச்சார். அதிலையும் எரிஞ்சுது. பிளக்கைக் கழட்டிப்போட்டு அந்த மரப்பெட்டியிலையே இருந்திட்டார்.

"இஞ்சை ரெண்டு வயரிலையும் கறண்ட் வருது" எண்டார். "சிவப்பிலையும் வருது, கறுப்பிலையும் வருது. நான் ஒண்டைத்தான் வெட்டியிருக்கிறன்."

விசயம் அவ்வளவுதான். ஊரிலை கறுப்பு செத்த வயர். இந்த நாட்டிலை அந்தப் பெரிய பிளக்கிலை ரெண்டும் உயிர் வயர், திருப்பிக் கொண்டு போறது வெள்ளை. அவர் ரேப் சுத்தி மடக்கி விட்ட அதே வெள்ளை. சுவிச்சை நிப்பாட்டினாலும் கறுப்பாலை கறண்ட் வந்து கொயிலிலை நிண்டுகொண்டுதான் இருந்திருக்கு. பொங்கி வழிஞ்ச தண்ணி கொயிலின்ரை பின்பக்கத்துக்குள்ளை போக, அந்த ஈரத்தாலை கிடாரத்துக்கும் வந்திட்டுது.

பிறகு அவர் என்னைப் பாத்த பார்வை. கறண்ட் அடிச்சு நிண்டபோது கூட அவரின்ரை முகம் அப்பிடி வெளிறேல்லை. "ஐயோ, மச்சான்" எண்டார்.

ரெக்ஸ்டேலிலை அதே பெட்டி. அதே வயர். அண்ணையும் அண்டைக்குத்தான் காய்ச்சுறார். அவரும் வெறுங்கால்தான். சுவிச் ஓஃபெண்டால் பயமில்லை எண்டு அவருக்குச் சொல்லிக் குடுத்ததும் இவர்தான்.

ரெலிபோன் எடுத்தன். என்கேஜ். திருப்பி எடுத்தன், என்கேஜ். அக்கா ரெலிபோனிலை இருந்தால் லேசிலை வைக்கமாட்டா, அது ஊரறிஞ்ச விசயம். அவசரத்துக்கு அடிக்கிற நைன் வண் வண்ணுக்கு அடிப்பமெண்டு யோசிச்சன். என்னெண்டு சொல்லுறது? ரெக்ஸ்டேலிலை ஒரு மனிசன் பாத்திரம் கழுவப் போறார், ஓடிப் போங்கோ எண்டோ? என்ரை இங்கிலீசுக்கு அது சொல்லி விளங்காது. ஒப்பரேற்றரைப் பிடிச்சு லைனை வெட்டச் சொல்லலாமெண்டு பிறகு ஒராள் சொன்னார். அப்ப ஆருக்கு அது தெரியும்? இவர் கார்ச் சாவியைத் தூக்கினார். ஈரத்துணியைக் கையிலை சுத்திக்கொண்டு ஓடினார், நான் பின்னாலை ஓடினன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், ஃபோர் ஓ வண் ஹைவே. நகரத்தின்ரை கிழக்கு அந்தத்திலை இருந்து மேற்கு அந்தத்துக்குப் போகவேணும். கார் எல்லாம் முட்டிக்கொண்டு நிண்டுது. இவர் ஒற்றைக் கையாலை காரை ஓட்டினார், மற்றக் கை துணி சுத்தினபடி மடியிலை கிடந்துது. கறண்ட் அடிச்ச ஆக்கள் எழும்பித் திரிஞ்சுபோட்டுப் பிறகு நெஞ்சு நிண்டு விழுறதும் உண்டெண்டு நான் கேள்விப்பட்டிருக்கிறன். அதாலை நான் றோட்டைப் பாக்கேல்லை, அவரின்ரை நெஞ்சைத்தான் பாத்துக்கொண்டு வந்தன். ஏறி இறங்குதோ, ஏறி இறங்குதோ எண்டு. இடைக்கிடை அண்ணையின்ரை முகம் வந்துது. அக்கா இப்ப கீழை இறங்கிப் போறாவோ, அவரைக் கூப்பிடுறாவோ, அவர் பேசாமல் கிடக்கிறாரோ எண்டெல்லாம் நினைச்சன். எனக்குத் தெரிஞ்ச தேவாரம் முழுக்க மறந்து போச்சு. முருகா, முருகா எண்ட ஒரு சொல்லுத்தான் வாயிலை வந்துது.

"ஆசுப்பத்திரி இந்தப் பக்கம்தானே, உங்களை விட்டிட்டு நான் ராக்சியிலை போறன்" எண்டு அழுதன்.

"எனக்கு ஒண்டும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இரும்" எண்டார்.

அண்ணை வீட்டுக் கதவைத் திறந்தது அக்கா. ரெலிபோன் இன்னும் தோளுக்கும் காதுக்கும் நடுவிலை. "எங்கை அவர்?" எண்டு இவர் கேட்ட சத்தத்திலை அவ பயந்து போனா. "கீழை, கிடாரம் கழுவுறார். ஏன்?"

இவர் சப்பாத்தோடை படியாலை பாஞ்சார், "மச்சான், தொடாதை! கையை எடு! தொடாதை!" எண்டு வீடு அதிரக் கத்திக்கொண்டு. நான் கைபிடியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினன். கீழை அண்ணை வெறுங்காலோடை, முழங்கை வரைக்கும் கிடாரத்துக்குள்ளை கையை விட்டபடி, எங்களை நிமிந்து பாத்துக்கொண்டு நிண்டார்.

"என்னடா?" எண்டார். உயிரோடை. தாடியிலை சோப்பு நுரையோடை.

இவர் சுவரைக் காட்டினார். சுவரிலை குத்தியிருந்தது ட்றையரின்ரை பிளக்தான். இவர் செய்து குடுத்த பெட்டி, வயர் வடிவாய்ச் சுத்திக் கட்டினபடி, அலுமாரித் தட்டிலை கிடந்துது. கிடாரத்திலை கொயிலும் இல்லை, அந்த ஓட்டையைத் தக்கை வைச்சு அடைச்சிருந்தார்.

அண்ணைக்கு வெக்கமாய்ப் போச்சு. கையைத் துடைச்சுக்கொண்டு, "கோவிக்காதை மச்சான். நீ கஷ்டப்பட்டுச் செய்து தந்தது, உனக்குச் சொல்ல ஒரு மாதிரி இருந்துது. நான் மேலை அடுப்பிலைதான் காய்ச்சி இதுக்குள்ளை ஊத்துறனான்" எண்டார்.

"ஏன்?" எண்டு இவர் கேட்டார்.

"இந்தத் தங்கச்சி தனக்குக் கை விறைச்சதெண்டு ரெலிபோனிலை சொன்னதாம். இவ அதைக் கேட்டதிலை இருந்து சரியாப் பயந்து போனா. சுவிச் ஓஃப், ஒண்டும் செய்யாதெண்டு நானும் சொல்லித்தான் பாத்தன். மனிசி பயத்திலை சாப்பிடாமல் திரியேக்கை அதை என்னெண்டு குத்துறது? கழட்டி வைச்சிட்டன், அவ்வளவுதான்."

அவருக்கு அது ஒரு பெரிய கதையே இல்லை. மழைக்குக் குடை எடுத்த மாதிரிச் சாதாரணமாய்ச் சொல்லிப்போட்டார்.

நான் அந்தப் படியிலை இருந்து அழுதன். அப்பிடி ஒரு அழுகை நான் அழுததில்லை. அக்கா வந்து கட்டிப் பிடிச்சு, "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே, ஏனடி அழுறாய்?" எண்டு தலையைத் தடவினா. பயத்திலை அழுறனெண்டு நினைச்சா. பயம் எப்பவோ போட்டுது. என்ரை பயத்தை ஒரு மனிசன் கேட்டு நடந்திருக்கிறார். அது என்ரை மனிசன் இல்லை. அதுக்குத்தான் அழுதன்.

இவர் எனக்கு முன்னாலை வந்து நிண்டார். துணி சுத்தின கையை மற்றக் கையாலை பிடிச்சுக்கொண்டு, குனிஞ்சு என்ரை முகத்தைப் பாத்தார்.

"உமக்கு இன்னும் பயமா இருக்கோ?" எண்டு கேட்டார்.

அவர் என்னட்டை அப்பிடிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"ஓம்" எண்டன். "உங்கடை நெஞ்சு நிண்டிடுமெண்டு பயமா இருக்கு."

அவர் ஒரு பகிடியும் விடேல்லை. பொக்கற்றுக்குள்ளை இருந்த கார்ச் சாவியை எடுத்து அண்ணையிட்டைக் குடுத்தார்.

"மச்சான், என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் விடு" எண்டார்.